வால் உடைந்த மயிலும் கூவாத சேவலும்

முருகன் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு புதன்கிழமை காலையில். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அக்கா அவரைத் தன் பழைய நூல் புடவையில் சுற்றி, இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொள்வது போல வைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடி பத்திரம், ஏற்கெனவே மயிலுக்கு வால் போய்விட்டது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுக் களை எடுக்கப் போய்விட்டார்.

அம்மா சுவரிலிருந்த இயேசு படத்தை இறக்கினாள். முந்தானையால் ஒரு தரம் துடைத்து, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடினாள். அதே ஆணியில் முருகனை மாட்டினாள். மாட்டியதோடு விடவில்லை. இரண்டு செம்பருத்தி பறித்துவந்து வைத்து, ஊதுவத்தியும் கொளுத்தினாள்.

"வூட்டுக்கு வந்தவரு. சும்மா நிக்க வெக்க முடியுமா?" என்றாள்.

ஊதுவத்தி வாசனையும் சாக்கின் புழுங்கல் நெடியும் சேர்ந்து அன்றைக்கு வீட்டில் அடித்த மணம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. கல்வராயன் மலையில் நான் வாத்தியாரம்மாவாக இருந்த கதையைப் போன வாரம் படித்த ஒரு வாசகி, "கீழே இல்லாத வேலையா, ஏன் மலைக்குப் போனீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். சேவை மனப்பான்மை என்று எழுதினால் எனக்கும் பெருமை, பத்திரிகைக்கும் மரியாதை. உண்மையான காரணம் அந்த வால் உடைந்த மயில்.

ஒரு படம், இருபத்திரண்டு வீடு

வடக்கனந்தலுக்கு மேற்கே, மலை கிட்டத்தில் தெரிகிற ஊர் எங்களுடையது. எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு. எல்லோரும் கூலிக்குப் போகிறவர்கள், எல்லோரும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். ஆனால் எங்களுக்கு ஆளுக்கு இரண்டு பெயர். நான் கோயிலில் சலேத் மேரி, பள்ளிக்கூடத்தில் செல்வி. அம்மா கோயிலில் ஞானம்மாள், ரேஷன் கார்டில் அஞ்சலை. பூங்காவனம் அக்கா ஞாயிற்றுக்கிழமை மட்டும் மரியபுஷ்பம்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. இந்துவாக இருக்கிறவரைக்கும்தான் அரசாங்கத்துக்கு நாங்கள் ஆதிதிராவிடர். கிறிஸ்தவர் என்று சொன்ன நிமிஷமே அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். தலையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் எங்கள் தீட்டெல்லாம் கழுவிப்போய்விடும் என்று யாரோ டெல்லியில் நம்பியிருக்கிறார்கள். நல்ல நம்பிக்கைதான். அதை எங்கள் ஊர் டீக்கடைக்காரருக்குச் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்கள். அவர் எங்களுக்கென்று தனியாக வைத்திருந்த கிளாஸை அப்படியேதான் வைத்திருந்தார். பங்குக் கோயிலிலும் அந்தச் சேதி எட்டவில்லை. அங்கே எங்களுக்கு இடது பக்கம் கடைசியில் இடம். கல்லறைத் தோட்டத்திலும் ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள்.

அதனால் யாருக்காவது ஜாதி சர்ட்டிபிகேட் வேண்டுமென்றால் தெருவில் ஒரு முறை இருந்தது. மனு போட்டதும் ஆர்.ஐ., அதாவது ரெவின்யூ இன்ஸ்பெக்டர், வீட்டைப் பார்க்க வருவார். சுவரில் எந்தச் சாமி என்று பார்ப்பார். அவர் வருவதற்கு முன்னால் முருகன் படம் வந்துவிடும். வேலை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். தெருவுக்கு மொத்தமே ஒரு படம்தான். கள்ளக்குறிச்சிச் சந்தையில் வாங்கியது. என்றைக்கோ யாரோ கீழே போட்டு, கண்ணாடியில் மயில் வால் இருந்த மூலை மட்டும் உடைந்திருந்தது.

ஆர்.ஐ. குருடர் இல்லை. ஒருமுறை பூங்காவனம் அக்கா வீட்டில் நின்றுகொண்டு, "இன்னாம்மா, உங்க தெருவுல எந்த வூட்டுக்குப் போனாலும் மயிலுக்கு வாலு ஒடிஞ்சே கீது?" என்று கேட்டார்.

"அந்தக் கடையில அப்டிதாங்க விக்கிறாங்க" என்றார் அக்கா.

ஆர்.ஐ. தலையாட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார். போகும்போது ஒரு நாட்டுச் சேவலையும் வாங்கிக்கொண்டார். அதுவும் முறைதான். பெட்டைக்கோழி கொடுத்தால் வாங்க மாட்டார், முட்டை போடுகிற உயிரை வாங்குவது பாவம் என்பார். பாவ புண்ணியம் பார்க்கிற மனுஷர்.

இப்படி அரசாங்கத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பொய் சௌக்கியமாக நடமாடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதனால் வயிற்றுவலி வந்ததில்லை.

அம்மாவும் பொய்யும்

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் அம்மாவை அரிச்சந்திரன் வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அம்மா தாராளமாகப் பொய் சொல்வாள். நடவுக்கு வராததற்குக் காய்ச்சல் என்பாள். ரேஷன் கடையில், சிக்மகளூர் காபித் தோட்டத்துக்குப் போய்த் திரும்பியே வராத என் அப்பா இப்போதுதான் கடைத்தெருப் பக்கம் போனார் என்பாள். பஸ்ஸில் எனக்குப் பன்னிரண்டு வயது நாலு வருஷம் நீடித்தது.

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அது சுவரிலிருந்த இயேசு. வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டும்போது அவரோடு பேச ஆரம்பித்தால் சோறு வடிக்கிறவரைக்கும் பேசுவாள். அதை ஜெபம் என்று சொல்ல முடியாது, பாதிக்கு மேல் திட்டுதான். மேஸ்திரி இப்படிச் சொன்னான், நீ பார்த்துக்கினுதானே இருந்தே, ஒரு வார்த்தை கேட்டியா என்று அவரிடம் சண்டை போடுவாள். அப்பா போன பிறகு அந்த வீட்டில் அவள் சண்டை போட வேறு ஆள் இல்லை. எனக்குப் படிப்பு இருந்தது.

அந்தப் படிப்புக்காகத்தான் இவ்வளவும். பள்ளி இறுதி வகுப்பு தேறியிருந்தேன். தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் தேறியதில்லை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் ஆதிதிராவிடர் ஒதுக்கீட்டில் எனக்கு இடம் கிடைத்திருந்தது, விடுதியோடு. சேருவதற்கு ஜாதி சர்ட்டிபிகேட் வேண்டும். அந்த வாரத்துக்குள் கொண்டுவந்து காட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள்.

சர்ட்டிபிகேட் கிடைத்தால் நான் டீச்சர். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை காலை அம்மாவோடு கரும்புத் தோட்டத்துக்குக் காய்ந்த இலைச் சோகை உரிக்கப் போகவேண்டும்.

லஞ்சம் வாங்காத மனுஷர்

ஆர்.ஐ. வந்தார், பார்த்தார், எழுதிக்கொண்டார். ஆனால் முகம் சரியில்லை. புது தாசில்தார் வந்திருக்கிறார் என்றார். எங்கள் தெருவைப் பற்றி யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டிருக்கிறார்களாம், அத்தனை பேரும் கிறிஸ்தவர்கள், அத்தனை சர்ட்டிபிகேட்டும் பொய் என்று. தாசில்தார் நேரில் விசாரித்துத்தான் கையெழுத்துப் போடுவாராம். வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீசுக்கு அம்மாவும் பெண்ணும் வரவேண்டும்.

"அவுரு எதுவும் வாங்க மாட்டாரும்மா" என்று ஆர்.ஐ. கவலையோடு சொன்னார். வாங்குகிற அதிகாரியிடம் பேச எங்களுக்குத் தெரியும். வாங்காதவரிடம் என்ன பேசுவது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் உபதேசியார் வந்தார். ஊரில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவர், பங்குக் கோயில் சாமியாரின் வலது கை. ஆண்டவர் உள்ளத்தைத்தான் பார்க்கிறார், காகிதத்தைப் பார்ப்பதில்லை, தயங்காமல் இந்து என்று சொல்லிவிட்டு வா என்று சாமியார் சொல்லியனுப்பியதாகச் சொன்னார். அம்மா சரிங்க என்றாள். பூங்காவனம் அக்கா அவர் போனதும் வந்து, உன் ஒருத்தி வாயில்தான் இருபத்திரண்டு வீடும் இருக்கிறது, பார்த்துப் பேசு என்றார். அதற்கும் சரி என்றாள். அக்காவின் மகன் அப்போதுதான் மின்சார வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். தாசில்தார் தோண்ட ஆரம்பித்தால் முதலில் அவன் வேலை போகும்.

அம்மா நிஜமாகவே சரி என்றுதான் சொன்னாள். அதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். மறுநாள் காலை சேவலின் காலைக் கட்டி, பையில் தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்து எடுத்துக்கொண்டாள். காரியம் முடிந்ததும் ஆர்.ஐ.க்குக் கொடுக்க. பொய் சொல்லத் தயாராகத்தான் பஸ் ஏறினாள்.

குங்குமம்

தாலுகா ஆபீசில் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் கொடுத்தார்கள். நான் பயத்தில் சாப்பிடவில்லை. அம்மா இரண்டு பேர் பங்கையும் சாப்பிட்டாள். சேவல் பையை வெளியே வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு உள்ளே போனோம். ஆர்.ஐ. சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

தாசில்தாருக்குச் சின்ன வயசு. சட்டைக் கஞ்சி மடிப்பு கலையவில்லை. அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். ரவிக்கைக்கு மேலே கறுப்புக் கயிறு தெரிந்தது. அதில் மாதா படம் வைத்துத் தைத்த சின்னத் துணி உத்தரியம் இருக்கும். அது என்ன என்று கேட்டார்.

"காத்து கருப்புக்குக் கட்டினதுங்க" என்றாள் அம்மா.

எனக்கு உயிர் வந்தது. அம்மா நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் என்ன சாமி என்றார். முருகருங்க என்றாள். அதுவும் பொய்யில்லை, இரண்டு நாளாக அவர்தான் இருந்தார். தாசில்தார் பூஜைத் தட்டை அம்மா பக்கம் நகர்த்தினார். குங்குமம் எடுத்து வைத்துக்கொள் என்றார். அம்மா ஒரு சிட்டிகை எடுத்து, ஒரு ரூபாய்க் காசளவுக்கு நெற்றி நிறைய வைத்துக்கொண்டாள். ஆர்.ஐ. மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

தாசில்தார் பேனாவைத் திறந்தார். திறந்துவிட்டு, இன்னும் ஒன்றே ஒன்று என்றார்.

"நான் கிறிஸ்டின் இல்லை, இயேசுவைக் கும்பிடறது இல்லைன்னு உன் வாயால சொல்லு. சொல்லிட்டா கையெழுத்துப் போட்டுடறேன்."

அம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். என்னைப் பார்த்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. சொல்லு, சொல்லு என்றுதான் இழுத்தேன். மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள், மேஸ்திரி முன்னால் நிற்கிற மாதிரி.

"அது முடியாதுங்க. நான் கிறிஸ்டினுங்க. அவரைத்தாங்க கும்புடுறேன்."

நெற்றியில் தாசில்தார் கொடுத்த குங்குமம் அப்படியே இருந்தது.

தாசில்தார் பேனாவை மூடவில்லை. அவர் குரல் இன்னும் மென்மையாகிவிட்டது. அப்படியென்றால் பெட்டிஷன் சரிதான், தெருவில் வேறு யார் யார் என்று கேட்டார். பேரைச் சொன்னால் உன் பெண் விஷயத்தில் ஏதாவது வழி பார்க்கிறேன் என்றும் சொன்னார்.

அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"நான் ஒருத்திதாங்க. மத்தவங்கெல்லாம் வூட்டுக்கு வூடு முருகர் படம் வெச்சிக்கினு கீறாங்க. வேணும்னா இவர கேளுங்க."

தாசில்தார் ஆர்.ஐ.யைப் பார்த்தார். ஆர்.ஐ. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆமாங்க சார். நானே என் கண்ணால பார்த்தேன். ஒரு வூடு பாக்கியில்ல."

இருபது வருஷ சர்வீசில் அவர் கொடுத்த அறிக்கைகளிலேயே முழு உண்மையான அறிக்கை அதுவாகத்தான் இருக்கும்.

தாசில்தார் என் மனுவில் சிவப்பு மையால் எழுதினார். எழுதி முடித்து, உண்மையைச் சொன்னதற்காக அம்மாவைப் பாராட்டினார். நேர்மை இந்த நாட்டுக்குத் தேவை என்றார். நேர்மைக்கு என்ன கிடைக்கும் என்பது அந்தச் சிவப்பு மையில் இருந்தது. அதை மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

வேப்பமரத்தடி

வெளியே வந்ததும் அம்மா பையை எடுத்து ஆர்.ஐ.யிடம் நீட்டினாள். காரியம் ஆகாவிட்டாலும் வாக்கு வாக்குதான். அவர் பையிலிருந்த சேவலைப் பார்த்தார். நல்ல இளம் வெடைச் சேவல், கொண்டை சிவந்து இருந்தது. அதற்கு எவ்வளவு ஆசைப்படுவார் என்று எனக்குத் தெரியும்.

"வேணாம்மா. இட்டுக்கினு போயி பொண்ணுக்கு ஆக்கிப் போடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அவர் சேவலை வேண்டாம் என்று சொன்னதாக எங்கள் பக்கத்தில் வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். எனக்கு அம்மாமேல் வந்த கோபத்தை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. பதினாறு வயதில் எனக்கு விசுவாசம் வேண்டியிருக்கவில்லை. விடுதியில் ஒரு கட்டிலும் கரும்புச் சோகை கிழிக்காத இரண்டு கையும் வேண்டியிருந்தது.

நாங்கள் இறங்குவதற்கு முன்பே சேதி தெருவுக்குப் போயிருந்தது. முழுச் சேதி இல்லை, அஞ்சலை தாசில்தாரிடம் கிறிஸ்டின் என்று சொல்லிவிட்டாள் என்பது மட்டும். தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டார்கள். பூங்காவனம் அக்கா, என் பிள்ளை வாயில் மண்ணைப் போட்டுட்டியேடி என்று மார்பில் அடித்துக்கொண்டார். அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். 'நான் ஒருத்திதாங்க' என்ற இடம் வந்ததும் அக்கா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டுக்குள் போய், ஆணியிலிருந்து முருகனைக் கழற்றித் தன் புடவையில் சுற்றிக்கொண்டு போனார். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்த இயேசுவையும் அவரேதான் எடுத்து மாட்டிவிட்டுப் போயிருந்தார். கொஞ்சம் கோணலாக.

அன்று சேவலை அம்மா அறுத்தாள். எங்கள் வீட்டில் வளர்த்த சேவலை நாங்களே தின்றது அதுதான் முதல் தடவை. மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட வாசனை தெருவுக்கே வீசியது. எனக்கு வேண்டாம் என்று சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். பிறகு கேட்டேன், எனக்காக அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று.

அம்மா அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லலாம்னுதான்டி வந்தேன். உனக்கோசரம் பொட்டு வெச்சிக்கினேன், கயித்தக்கூட காத்து கருப்புன்னேன். ஆனா உங்கப்பன் போனதுலேர்ந்து தெனிக்கும் யாரு கூட பேசிக்கினு கீறேன்? அந்த ஆள எனக்குத் தெரியாதுன்னு எப்டி சொல்லுவேன்?"

எனக்குக் கோபம் போகவில்லை. கோபத்தோடேயே தட்டை இழுத்துச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பிரசங்கம்

பயிற்சிப் பள்ளி இடம் போய்விட்டது. ஒரு கரும்பு வெட்டுப் பருவம் முழுக்கச் சோகை உரித்தேன். அதற்குப் பிறகு, கல்வராயன் மலை மேலே வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு யாரும் போக மாட்டேன் என்கிறார்கள், பயிற்சி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று கேள்விப்பட்டு மலை ஏறினேன். வாசகி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். பயிற்சியை முறையாக முடிக்க எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பூங்காவனம் அக்காவின் மகன் மின்சார வாரியத்திலேயே இருந்து ஓய்வு பெற்றான். முருகன் படம் அதற்குப் பிறகும் தெருவைச் சுற்றி வந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

அடுத்து வந்த பெரிய வெள்ளிக்குச் சாமியார் அம்மாவைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போனபோது, அவருடைய தலைமைச் சீடரே பயந்துபோய், அவரை எனக்குத் தெரியாது என்று மூன்று தரம் சொன்னார், உடனே சேவல் கூவியது என்று அன்றைக்கு வாசிப்பார்கள். அதோடு அம்மா கதையைச் சேர்த்துவிட்டார். ஞானம்மாள் தாசில்தார் முன்னால் மறுதலிக்க வாயெடுத்தாராம், வெளியே பையிலிருந்த சேவல் கூவியதாம், அவர் மனந்திரும்பி விசுவாசத்தை அறிக்கையிட்டாராம். இந்து என்று சொல்லச் சொல்லி உபதேசியாரை அனுப்பியது பிரசங்கத்தில் வரவில்லை. கோயில் முழுக்கக் கண் கலங்கியது. வலது பக்கத்து ஆட்களும்கூட இடது பக்கம் கடைசியில் உட்கார்ந்திருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

நாளாக ஆக ஊரே அந்தச் சேவலை நம்பிவிட்டது. அம்மாவிடம் கேட்டால் சிரிப்பாளே தவிர மறுத்துப் பேச மாட்டாள். அவள் போய்ச் சேர்ந்த அன்றுகூட, பார்க்க வந்தவர்கள் சேவல் கூவிய கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுவரில் இயேசு இன்னும் அதே கோணலில் இருந்தார்.

நான் அங்கே இருந்தவள். அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தவள், அந்தச் சேவலையும் தின்றவள். அது வேப்பமரத்தடியில் பைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. கூவவே இல்லை. எதுவும் கூவாமலேதான் அம்மா சொன்னாள்.